சம்பந்தியோடு ஒயின் ருசி பார்க்கப் போனது

அன்புள்ள அக்கா அர்கிரோவுக்கு,

கிரீட்டிலிருந்து தம்பி பாண்டெலிஸ் எழுதிக்கொள்வது. அன்னை மரியாளின் தயவில் நீயும் அத்தானும் மெல்போர்னில் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கரிஃபலியாவின் கல்யாணம் நின்றுபோனது. நிறுத்தியது அவளைப் பெற்ற நான்தான். விமான டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

கல்யாண விருந்துக்கு ஒயின் தேர்ந்தெடுக்கணும், ஆலை ஆலையாப் போய் ருசி பார்க்கலாம் வாங்க என்று சம்பந்தி சிஃபிஸ் சனிக்கிழமை காலை பிக்கப் வண்டியோடு வாசலில் வந்து நின்றார். எனக்கோ வயிற்றுப் புண், ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கிரீட்டில் பிறந்த ஆம்பளை அதை எந்த வாயால் சம்பந்தியிடம் சொல்வான்? முதல் ஆலையில் கொப்பளித்து, அங்கிருந்த வாளியில் துப்பினேன். சுற்றுலா வந்த ஜெர்மன்காரர்கள்தான் அப்படித் துப்புவார்கள். சிஃபிஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்ன சம்பந்தி, பிடிக்கலையா?"

"கொஞ்சம் புளிக்குது" என்று சொல்லிவைத்தேன். இரண்டாவது ஆலையில் வாளி இருக்க வேண்டிய இடத்தில் சம்பந்தியின் கால் இருந்தது. வெள்ளைக் கால்சட்டை, அக்கா. கறுப்பு ஒயின். "பரவால்ல, தோய்ச்சா போயிடும்" என்றார். எங்கே போகும்!

கடைசியாக அவருடைய வீட்டுக்கே கூட்டிப்போய் நிலவறையில் இறக்கினார். மூலையில் கிடந்த சின்னப் பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாளி இல்லை. உதட்டை மட்டும் நனைத்தேன். காலையிலிருந்து குறை சொல்லியே பழகிய வாய், சும்மா இருக்குமா?

"இது ஒயின் இல்ல சம்பந்தி, சுத்த வினிகர்."

"என் கலியோப்பி தன் காலால திராட்சை மிதிச்சுப் போட்டது" என்றார். "போறதுக்கு முந்தின அறுவடையில. பையன் கல்யாணத்துக்குன்னு எடுத்து வச்சா."

போன வருஷம் செத்துப்போன அவர் மனைவி. பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். குவளையை ஒரே மூச்சில் குடித்தேன், இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தேன். நல்ல ஒயின் அக்கா, சத்தியமாக நல்ல ஒயின். அவரிடமும் சொன்னேன். "இப்ப எதுக்குப் பொய்?" என்று மேலே போய்விட்டார். நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். வயிறு எரிகிறது. ரெண்டு நாளாக அவர் ஃபோனை எடுக்கவில்லை. "வாயத் திறக்காம இருந்திருக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டவள்தான் கரிஃபலியா, அதன்பிறகு என்னோடு பேச்சே இல்லை.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். புனித நிக்கோலாஸ் உங்களையாவது காப்பாற்றட்டும்.

உன் தம்பி,
பாண்டெலிஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சிஃபிஸ் வந்து நின்றார். குறித்த நாளிலேயே கல்யாணம் உண்டு, டிக்கெட்டைத் தொடாதே. நல்ல ஒயின் என்று மேலே எழுதியதையும் நம்பாதே. அடுக்களையில் உட்கார்ந்து அவரே அழுதுகொண்டு சொன்னார்: "அவளுக்கு ஒயின் போடவே வராதுய்யா. கல்யாணமான நாள்லேர்ந்து வாயத் திறக்காம அந்த வினிகரைத்தான் குடிச்சேன். இப்ப அதுவும் தீரப் போவுது."