தம்பியின் நிறத்தில் ஒரு காது

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் என் சிலிக்கான் காதும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முதல் இரண்டு பேரும் சுகம்தான். மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ சிரித்தே காரியத்தைக் கெடுத்துவிடுவாய். சிரிக்காமல் கடைசிவரை படி.

கட்டியோடு சேர்த்து என் இடது காதையும் எடுத்த பிறகு, செயற்கைக் காது செய்கிற அம்மாவிடம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, சிவப்பு ஒரு சொட்டு, மஞ்சள் ஒரு சொட்டு, பழுப்பு அரைச் சொட்டு என்று சிலிக்கானில் கலந்து என் கன்னத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிகிச்சையில் என் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. நீ சும்மா இருந்தாயா? "அண்ணன் மூஞ்சி இப்ப சரியில்லீங்க, என் காதைப் பாத்துக் கலந்துடுங்க, ரெண்டு பேரும் ஒரே கலர்தான்" என்று தலையை நீட்டினாய். அவரும் கலந்துவிட்டார். நரம்பு மாதிரி தெரிவதற்குத் தூவுகிற சிவப்பு நூல் துகளைக்கூட உன் காதைப் பார்த்துத்தான் தூவினார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. காதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் இருக்கும்போதே குப்பென்று சிவந்தது. உன் அண்ணியைக் கூப்பிட்டால், "வெயில்ல வெச்சிருப்பீங்க" என்று போய்விட்டாள். மறுநாள் நீ போனில், "நேத்து பதினோரு மணிக்கு மேனேஜரோட பயங்கர சண்டைண்ணே, காதெல்லாம் சூடாயிடுச்சு" என்கிறாய்! சரி, தற்செயல் என்று விட்டேன். அடுத்த வாரம் சளி பிடித்து நான் வாசலைக்கூடத் தாண்டவில்லை, காது மட்டும் கறுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது. விசாரித்தால், துரை நீங்கள் மூன்று நாள் மொட்டைமாடியில் நின்று தண்ணீர்த் தொட்டிக்குப் பெயின்ட் அடித்தீர்களாம்! என் காது கறுக்க நீ யாருடா வெயிலில் நிற்க?

இப்போது ஒரு வாரமாக மஞ்சள். செய்த அம்மாவிடமே கொண்டுபோனேன். "வெயில், வேர்வை, தலைக்கு அடிக்கிற டை, எது பட்டாலும் சிலிக்கான் கலர் மாறும் சார்" என்றார். நிறம் அளக்கிற கருவியை வைத்து, அது காட்டிய எண்ணைக் குறித்துக்கொண்டு, காதை இருட்டு அலமாரியில் பூட்டிவைத்தார். நாலு நாள் கழிச்சுத் திறந்தா, முன்னைவிட மஞ்சள். அந்தம்மா முகமே வெளிறிப்போச்சு. "இருட்டுல இது மாறக்கூடாதே சார்"னு அதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்க. கூடப்பிறந்தவன்னு எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன்தான்டா. உனக்குச் சாப்பாடு இறங்குதா? கண்ணாடியில உன் கண்ணைப் பாத்தியா, வெள்ளையா இருக்கா? தனியா இருக்கிறவன், கவனிக்க ஆள் இல்லை. இது கிடைச்ச அன்னைக்கே டாக்டரைப் போய்ப் பாரு, ரத்தப் பரிசோதனை பண்ணு. ஏன் வந்தேன்னு கேட்டா, அண்ணன் காது மஞ்சளாயிடுச்சுன்னு சொல்லித் தொலைக்காதே, வேற வார்டுக்கு அனுப்பிடுவாங்க. பசியில்லைன்னு சொல்லு.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நீண்ட ஆயுளோடும் நல்ல நிறத்தோடும் இருக்க வாழ்த்தும்,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் நல்ல சேதி. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இன்று காலை பத்து மணியோடு மஞ்சள் ஏறுவது பட்டென்று நின்றுவிட்டது. அந்த அம்மா மணிக்கு ஒருமுறை கருவியை வைத்துப் பார்த்தார், ஒரு புள்ளி அசையவில்லை. வெயிலில் வைத்தார், வெந்நீரில் போட்டார், ம்ஹூம். "கலர் நிலைச்சிடுச்சு சார், இனிமே இது மாறவே மாறாது" என்று சந்தோஷமாகச் சொன்னார். வெறும் சிலிக்கான் கோளாறுதான் போலிருக்கிறது. நீ டாக்டரிடம் போக வேண்டாம். அதைச் சொல்லத்தான் மத்தியானத்திலிருந்து உனக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது. எடுடா, தம்பி.