முத்துமீனாவின் நம்பரை நிறுத்துவது சம்பந்தமாக

ஒத்தக்கடை,
வியாழன்.

அன்பும் மரியாதையும் உள்ள மொக்கைச்சாமி மச்சானுக்கு, தங்கை வீட்டுக்காரன் சூரியபிரகாஷ் எழுதுவது. மேலூரில் அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை; சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். போனில் வருவது யார் என்று இப்போது எனக்கே தெரிவதில்லை.

மீனாவுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிய கடையிலிருந்து நாற்பது லட்சம் பேருடைய விவரம் திருடு போய்விட்டதாம். வருத்தம் தெரிவித்து அவள் பேருக்கே மெயில் போட்டிருந்தார்கள். பேர், விலாசம், போன் நம்பர் எல்லாம் போயிருக்கு. பாக்கி என்ன மச்சான் இருந்துச்சு? பிறந்த தேதி. அதை நீங்க குடுத்தீங்க. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் தோற்றம், மறைவு, அப்பா பேரு, அம்மா பேரு, ஆளுயரத்துக்கு முகம். ரோட்டுல கட்டினது போதாதுன்னு ஃபேஸ்புக்குலயும் ஏத்தி, எல்லாரும் ஷேர் பண்ணுங்கன்னு வேற எழுதினீங்க. பண்ணிட்டாங்க.

எவனோ ஒருத்தன் ரெண்டையும் சேத்து வச்சு அவ நம்பருக்குப் புது சிம் வாங்கிட்டான். பீரோவுல இருந்த அவ போன்ல டவர் போனப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. கஸ்டமர் கேருக்குப் போட்டா, "மேடம் போன செவ்வாக்கிழமதான் வீடியோவுல வந்தாங்க சார்"ங்குது அந்தப் பொண்ணு. அவங்க இறந்து மூணு மாசமாச்சும்மான்னேன். "இல்ல சார், கண்ணைச் சிமிட்டச் சொன்னோம், சிமிட்டுனாங்க"ங்குது. போட்டோவை அசைய வைக்க சாஃப்ட்வேர் இருக்கு, எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில பதினோரு நாளு நான் கேட்டு நடக்காதது அவனுக்கு ரெண்டு நிமிசத்துல நடந்திருக்கு. இறப்புச் சான்றிதழை அனுப்பினேன். "எதுக்கும் மேடத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கிறோம் சார்"னாங்க. கேட்டிருக்காங்க. மேடம் ஒத்துக்கலையாம்.

அடுத்து செல்லூர்ச் சின்னத்தை. மீனா நம்பர்ல இருந்து, "சித்தி, உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், அனுப்புங்க"ன்னு வாட்ஸ்அப். அனுப்பிட்டாங்க. இப்ப அவங்க வாட்ஸ்அப்பும் அவன் கையில. இறந்தவ எப்படி மெசேஜ் அனுப்புவா, யோசிக்க வேண்டாமான்னு சத்தம் போட்டேன். "யோசிச்சேன் மாப்ள. போனதுல இருந்து புள்ள இப்பத்தான் ஒண்ணு கேக்குது, இல்லேன்னு எப்படிச் சொல்றது"ங்குறாங்க. எங்க ஆபீஸ்ல புதுசா வர்றவங்களுக்கு இந்தப் பாடம் நடத்துறதே நான்தான் மச்சான். யார் கேட்டாலும் அந்த ஓ.டி.பி. நம்பரைக் குடுக்காதே, இம்புட்டுத்தான் பாடம்.

பிறந்த வீட்டு ஆளுகளும் சம்மதிச்சாத்தான் நம்பரை நிறுத்துவாங்களாம். இத்தோட உள்ள மனுவுல பென்சில் குறி போட்ட மூணு இடத்துலயும் நீங்களும் அத்தையும் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்க. இன்னும் எம்புட்டுச் சொந்தக்காரங்களை அவ பேரைச் சொல்லி ஏமாத்துவானோ. ஃபேஸ்புக் படத்தையும் எடுத்துருங்க.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, பிறந்த தேதி வெளியே தெரியாமல் நூறு வருசம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சூரியபிரகாஷ்

பி.கு.: கையெழுத்து வேண்டாம் மச்சான், மனுவை அப்படியே வச்சிருங்க. கவரை ஒட்டப் போகையில மீனா நம்பர்ல இருந்து எனக்கும் வந்துச்சு. "என்னங்க, இருக்கீங்களா?" அவன்தான்னு தெரியும். இருக்கேன்னு போட்டேன். ஆறு நம்பர் கேட்டாள். அனுப்பிட்டேன். இனிமே என் பேருல எது வந்தாலும் நம்பாதீங்க.