நோட்டீஸின் பின்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தூக்குவதில்லை என்று அங்கப்பன் சபதம் எடுத்தான். சிங்காநல்லூரில் அவர்கள் தெருக்குழாய்க்கு எட்டு நாளைக்கு ஒருதரம்தான் தண்ணீர். வந்தால் இருபது குடமும் அவன் தோளில்தான். அதே நாளில் கிரிக்கெட் இறுதி ஆட்டமும் வந்து தொலைத்தால் மனுசன் என்னதான் செய்வான்?

கடவுள் மில் வழியாக வந்தார். சனிக்கிழமை மில்லில் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம். ஊசி எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் கூடவே ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். ஊசிக்குப் பின் சிலருக்கு வரக்கூடியவை: கைவலி, வீக்கம், அசதி, தலைவலி, லேசான காய்ச்சல். அங்கப்பன் பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்துவிட்டான். மனைவி பூவாத்தாள் குழாயடிக்குப் போனதும் பக்கத்து வீட்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துவிடுவது திட்டம்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்குக் குழாயில் காற்று சீறியது. அங்கப்பன் பாயில் சுருண்டான்.

"ஐயோ, கை போச்சே அம்மணி!"

பூவாத்தாள் அடுப்பின் முன் குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பக்கூட இல்லை. "வலிக்குதுங்களா?"

"வலியா? வீங்கிக் கெடக்குது பாரு, பூசணிக்காயாட்டம்!"

"அசதியா இருக்குதுங்களா?"

"அதேதான்! எந்திரிக்கவே முடியல."

"அடுத்தது தலைவலிங்களா?"

"ஆமா புள்ள, இப்பத்தான் ஆரம்பிக்..." பாதியில் நிறுத்தினான். "உனக்கெப்படித் தெரியும்?"

"நோட்டீசுல அப்படித்தானுங்களே வரிசையாப் போட்டிருக்குது? எனக்கும் நேத்துப் போட்டாங்களே, மொத ஷிஃப்டுல."

அங்கப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே மில். ஒரே முகாம். அவன் இரண்டாம் ஷிஃப்ட் என்பதால், அவளுக்கும் ஒரு கை இருக்கிறது என்பதே தோன்றவில்லை.

"சொல்லவே இல்லியே நீ!"

"சொன்னா மட்டும் தண்ணி தானா ஊட்டுக்கு வந்துருமுங்களா? நெத்தியத் தொட்டுப் பாருங்க."

தொட்டான். தோசைக்கல்லாகச் சுட்டது. நிஜக் காய்ச்சல்! காய்ச்சலோடு அடுப்பூதியிருக்கிறாளே மகராசி! பொய்க்காரனுக்கு நெஞ்சு பதறிவிட்டது. போன கையாலேயே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"நீ படு கண்ணு! ஒரு கொடங்கூடத் தொடப்படாது!"

தொடவில்லை. பதினேழாவது குடத்தின்போது தெருவே அதிரும்படி ஒரு கூச்சல். என்ன நடந்தது என்று கேட்கக்கூட அங்கப்பன் நிற்கவில்லை. இருபதாவதை இறக்கிவிட்டுப் பார்த்தால் பாய் காலி. அவனுக்கு உயிரே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களோ? ஈர வேட்டியோடு பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவியிடம் ஓடினான்.

அங்கே டி.வி. முன்னால் சம்மணமிட்டு, ரம்ஜான் பீவி கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள் பூவாத்தாள். திரையில் கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கா... காச்சலு?"

"அடுப்ப விட்டு எந்திரிச்சதும் போயிருச்சுங்க. ஏனுங்க, நோட்டீசத் திருப்பிப் பாக்கலீங்களா? கைய அசைச்சுட்டே இருந்தா வலி சீக்கிரம் போயிரும்னு பின்னால போட்டிருக்குதுங்க. இப்ப எப்படி இருக்குது?"

அங்கப்பன் ஊசி போட்ட கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தான். அங்கே வலியே இல்லை. மற்ற எல்லா இடத்திலும் இருந்தது.