பெருமாள் கால்ஷீட்

புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. படித்ததை யார் தலையிலாவது இறக்கியே தீர வேண்டும். எனக்கு அது முற்றிப் போயிருந்த சமயத்தில்தான் ஸ்ரீரங்கத்தில் ஒரு கச்சேரி நடத்தினேன்.

நான் படித்தது கலை மேலாண்மை. (சிரிக்காதீர்கள். நிஜமாகவே அப்படி ஒரு படிப்பு இருக்கிறது.) மலைக்கோட்டைப் பக்கம் புடவைக் கடை வைத்திருக்கும் அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. "பாடறவங்க பாடறாங்க, கேக்கறவங்க கேக்கறாங்க. நடுவுல நீ எதுக்கும்மா?" என்பார். கச்சேரியோ நாடகமோ, ஆள் சேர்த்து, நிதி திரட்டி, ஒழுங்காக நடத்த அதற்கென்று படித்தவர் வேண்டும் என்று நான் பிரசங்கம் செய்வேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கல்லாவுல வந்து உக்காரு. அதுவும் மேலாண்மைதான்" என்பார்.

அப்போது சித்திரை வீதியில் சின்ன அரங்கம் வைத்திருந்த ஒரு சபா மேலாளர் தேடியது. செயலாளர் ரங்கராஜன் மாமா, "ஒரே ஒரு கச்சேரி நடத்திக் காமிங்கோ. நன்னா வந்தா வேலை உங்களுக்குத்தான்" என்றார். அப்பா தன் பங்குக்கு, "சொதப்பினா மறுநாள் காலையில கடைக்கு வந்துடணும்" என்றார். வீம்புக்கு ஒப்புக்கொண்டேன்.

தேதி குறிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'போட்டி நிகழ்ச்சிகள்' என்று தலைப்புப் போட்டு, கிரிக்கெட் மேட்ச், முகூர்த்த நாள், ஸ்கூல் பரீட்சை, புதுப்பட ரிலீஸ் எல்லாவற்றையும் அலசினேன். (ஆற்றுக்கு அக்கரையில் தில்லை நகரில் வளர்ந்தவளுக்குப் போட்டி என்றால் வேறென்ன தோன்றும்?) தேதியைப் பார்த்த மாமா, "அம்மா, அன்னிக்கு சாயங்காலம்..." என்று ஆரம்பித்தார். "எல்லாம் ப்ளான்ல இருக்கு சார்" என்று வெட்டிவிட்டேன். படித்த பெண் ஏதோ யோசித்துத்தான் செய்கிறாள் என்று பாவம், அவரும் விட்டுவிட்டார்.

அன்று அரங்கம் நிறைந்திருந்தது. அப்பா முதல் வரிசையில் தீர்ப்புச் சொல்ல வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பாடகி ஆலாபனையில் உருகிக்கொண்டிருந்தபோது வீதிக் கோடியில் நாகஸ்வரம் கேட்டது. இடைஞ்சலாக இருக்கிறதே என்று நானே போய்க் கதவைச் சாத்தினேன்.

இரண்டாம் வரிசை மாமி எழுந்து வந்து அதைத் திறந்தார். "பெருமாள் புறப்பாடும்மா. சேவிச்சுட்டு வந்துடறேன்."

அவர் பின்னால் அந்த வரிசையே எழுந்தது. அப்புறம் மற்ற வரிசைகள். மிருதங்கக்காரரை நான் பார்த்தபோது அவர் ஏற்கெனவே வாசலில் இருந்தார். பாடகி ஆலாபனையை நிறுத்தி, "மன்னிக்கணும், இதோ வந்துடறேன்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு இறங்கிப் போனார். திரும்பிப் பார்த்தால் அப்பாவையும் காணோம்.

உற்சவ நாளில் பெருமாள் வீதி உலா வருவார் என்பது ஸ்ரீரங்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். என் போட்டிப் பட்டியலில் பெருமாள் இல்லை.

மிச்சம் இருந்தது நானும் சவுண்ட் பார்க்கும் பாஷா பாயும். "ஆள் இல்லாதப்ப சவுண்ட் எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க மேடம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. படித்த படிப்பு, கேட்ட வேலை எல்லாம் அந்தக் காலி நாற்காலிகளில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வெளியே ஓடி, "இடைவேளை முடிஞ்சுது, உள்ள வாங்க" என்று கத்தினேன். அதே மாமி திரும்பி, "பெருமாளே நிக்கறார். உனக்கு என்ன அவசரம்?" என்றார். பல்லக்கு எங்கள் வாசலிலேயே நின்றது. வேறு வழியில்லாமல் நானும் கைகூப்பி, 'எப்படியாவது இந்த வேலையை வாங்கிக் கொடுங்கள்' என்று கேட்டேன்.

பல்லக்கு நகர்ந்தது. நல்ல புழுக்கம். கால் கடுக்க நின்ற கூட்டம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கலையப் பார்த்தது. அப்போது என் வாயிலிருந்து வந்தது படித்த படிப்பு இல்லை, எங்கள் கடை.

"வாங்கக்கா, உள்ள வாங்க. ஃபேன் ஓடுது, தண்ணி இருக்கு. பாட்டுக் கேக்கலைன்னாலும் பரவால்ல, சும்மா வந்து உக்காருங்கண்ணே."

எங்கள் கடை வாசலில் நிற்பவர்கள் காலையிலிருந்து இரவு வரை சொல்வது இதுதான், என்ன, புடவைக்குப் பதில் பாட்டு. முதலில் ஒரு பூக்காரம்மா கூடையோடு நுழைந்தார். பின்னாலேயே உற்சவத்துக்குத் தொட்டியத்திலிருந்து பையும் பிள்ளைகளுமாக வந்திருந்த ஒரு குடும்பம். சபா வாசலையே மிதித்திராதவர்கள் எல்லாம் வந்து தரையில்கூட உட்கார்ந்தார்கள். சேவித்துவிட்டு மேடைக்குத் திரும்பிய பாடகி அரங்கன்மேல் ஒரு பாட்டை எடுத்தார். அதற்கப்புறம் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

முடிந்ததும் ரங்கராஜன் மாமா வந்தார். "வேலை உங்களுக்குத்தான். ஆனா இனிமே நான் 'அன்னிக்கு சாயங்காலம்'னு ஆரம்பிச்சா மீதியையும் கேளுங்கோ."

அப்பாவின் ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினோம். காவிரிப் பாலம் தாண்டியதும் அப்பா, "நம்ம கடைப் பசங்களைவிட நல்லா கூப்பிட்டே" என்றார்.

"அப்ப நாளைக்குக் கடைக்கு வரணுமாப்பா?"

"வேணாம். நீ உன் கடைக்குப் போ."

இன்று எங்கள் சபாவில் உற்சவ நாள் கச்சேரிகள் பெருமாள் எங்கள் வாசலைக் கடந்த பிறகே ஆரம்பிக்கும். கூட்டத்துக்குக் குறைவே இல்லை. என்னுடைய அதே படிப்பைப் படிக்கும் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களுடைய அப்பாக்களும் "நடுவுல நீ எதுக்கு?" என்றுதான் கேட்கிறார்களாம். என் அப்பா மட்டும் இப்போது அப்படிக் கேட்பதில்லை. யார் விசாரித்தாலும், "பொண்ணா? பெருமாளுக்குக் கால்ஷீட் பார்க்கற மேனேஜர்" என்கிறார்.

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தேதி குறித்துக்கொண்டு வந்தபோதும் விடவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அன்னிக்குப் பெருமாள் ஃப்ரீயான்னு எங்க பொண்ணுதான் சொல்லணுங்க" என்றார்.

பார்த்தேன். ஃப்ரீயாக இல்லை. முகூர்த்தத்தைத்தான் தள்ளிவைத்தோம்.