செபஸ்தியார் சப்பரமும் ஏழு பல்லும்

பாவசங்கீர்த்தனத்தில் இதை நான் சொல்லி முடித்தபோது, தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியார் காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். பிறகு, "முன் சக்கரமா, பின் சக்கரமா?" என்று கேட்டார். பின் சக்கரம் என்றேன். தட்டி லேசாக ஆடியது. சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். ஒன்று பொய்க்கு, மற்ற இரண்டும் பிரேக்குக்கு என்று நானாகப் பிரித்துக்கொண்டேன்.

நான் எதையும் முழுசாகப் பார்க்காதவன். மழையைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். 'போதும், புரிஞ்சிருச்சு' என்று எழுந்துவிடுகிற ரகம். நடந்த எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் காரணம்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அவளுடைய அப்பா சூசை மாமா, வெங்காயமும் தக்காளியும் ஏற்றுவதற்கு ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தார். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஒருமுறை மிதித்தால் பெடல் தரையைத் தொடும். இரண்டாவது மிதியில், தூக்கத்தில் யாரோ 'ம்' கொட்டுவதுபோல ஒரு சின்ன எதிர்ப்பு. மூன்றாவது மிதியில்தான் வண்டி நிற்கும். மாமா இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி. அம்புட்டுதான் மாப்ள. ஆமென்ல நின்னுரும்."

எல்லோருக்கும் அப்படி நிற்கவில்லை. அவருடைய அண்ணன் அருளப்பன் பெரியமாமா ஒருநாள் ஓட்டிப்போனபோது, சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் நடுவில் மாமாவின் வெங்காயப் பட்டறை வந்துவிட்டது. (காற்றாட வெங்காயத்தைச் சேர்த்து வைக்கிற மூங்கில் கூண்டு அது. அன்று வரைக்கும்.)

"மூணு தரம் மிதிக்கத் தெரியாத ஆளு ஏன் ஏறணும்?" என்றார் மாமா.

"மூணு தரம் மிதிக்கிற வண்டிய எவன் வச்சிருப்பான்?" என்றார் பெரியமாமா.

அத்தோடு பேச்சு நின்றது. ஆறு வருஷம். அதற்கப்புறம் பிரேக்கைச் சரிசெய்தால் அண்ணன் சொன்னது சரி என்று ஆகிவிடுமே. அந்த ஆறு வருஷமும் மாமா அதில் ஒரு ஸ்பேனர் பட விடவில்லை. ஊரே அந்த வண்டியைக் கண்டால் ஓரமாக நடந்தது.

செபஸ்தியார் திருவிழாவின் மறுநாள் பகல் சப்பரம். வழக்கமாக இழுக்கிற டிராக்டர் அந்த வருஷம் கிளட்ச் போய்ப் படுத்துவிட, மாமா தன் பிக்கப்பைக் கொடுத்தார். செபஸ்தியார் சுரூபத்தை மேலே வைத்து, சம்பங்கி சுற்றி, கீழே சக்கரம் தெரியாதபடி ஜிகினாத் துணி கட்டுவது என்று முடிவானது. வெள்ளை வேட்டியில் முன்னால் நடக்க வேண்டியவர் மாமா. ஆகவே ஓட்ட வேண்டியவன் நான். டவுன் மாப்பிள்ளைக்குக் கிடைத்த முதல் மரியாதை.

"எல்லா வீட்டு வாசல்லயும் நிறுத்துங்க மாப்ள. மால வாங்குங்க. அண்ணன் வீட்டு முன்னால மட்டும் வண்டி நிக்கக் கூடாது."

இன்னும் 'அண்ணன்' என்றுதான் சொன்னார். கவனித்துக்கொண்டேன்.

சப்பரத்துக்கு முன்னால் வெள்ளை கவுன் போட்ட சின்னப் பிள்ளைகள் பூத்தூவிக்கொண்டு போவார்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்று தரம் மிதித்து நிறுத்துவதற்கு எனக்கு விசுவாசம் போதவில்லை. முந்தின நாள் மத்தியானம் மாமா பந்தல் வேலைக்குப் போனதும், ஜாக்கியைப் போட்டு வண்டியடியில் படுத்துவிட்டேன். கையில் செல்போன். அதில் ஒரு வீடியோ.

விஷயம் எளிது. லைனர் தேய்ந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. அதனால்தான் முதல் மிதி காற்றில் போகிறது. பின்தகட்டில் ஒரு ஓட்டை உண்டு. அதில் ஸ்க்ரூடிரைவரை விட்டு உள்ளே இருக்கிற பல்சக்கரத்தைத் திருப்ப வேண்டும், சக்கரத்தைக் கையால் சுற்ற முடியாமல் போகிற வரைக்கும். இந்த இடத்தில் எழுந்துவிட்டேன். வீடியோ இன்னும் ஒன்றரை நிமிஷம் மிச்சம் இருந்தது.

இரண்டு பின்சக்கரத்தையும் இறுக்கினேன். முன்சக்கரத்துக்குப் பொறுமை இல்லை. மிதித்துப் பார்த்தேன். பிதாவிலேயே பெடல் கல்லாக நின்றது. ஸ்டெல்லா பின்னால் கை வைத்துத் தள்ளிப் பார்த்தாள்.

"என்னங்க, அசைய மாட்டேங்குது?"

"பிரேக் நல்லா பிடிக்குதுன்னு அர்த்தம்."

"மிதிக்காமயே பிடிக்குதே."

அப்பாவிடம் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் வெயில், பேண்டு செட், வேட்டு. வண்டி முக்கி முக்கி நகர்ந்தது. செபஸ்தியார் கனம் என்று நினைத்தேன். ஏழெட்டு வீடு தாண்டியதும் ஒரு கரிந்த வாசனை. தூபம் என்று நினைத்தேன். ஜிகினாத் துணிக்கடியிலிருந்து வெண்புகை சுருண்டு வந்தது. ஓர் அம்மா அந்தப் புகையைக் கையால் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமா திரும்பித் திரும்பிப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

சூடேறச் சூடேற ஷூ டிரம்மைக் கவ்விக்கொண்டே வந்திருக்கிறது. பெரியமாமா வீட்டு வாசலுக்கு நேராக என்ஜின் ஒருமுறை உறுமி அணைந்தது. மறுபடி எடுத்தேன். பத்துப் பேர் தள்ளினார்கள். நகரவில்லை. ஆறு வருஷமாக நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத வண்டி, நிற்கக் கூடாத ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

மாமா ஜன்னலோரம் வந்தார். "எடுங்க வண்டிய." உதடு மட்டும் அசைந்தது.

"வர மாட்டேங்குது மாமா."

அதற்குள் பின்னால் யாரோ சொல்லிவிட்டார்கள். "சாமி இங்கிட்டு நிக்கணும்னு நெனைக்கிறாரு." அது காற்று மாதிரி கூட்டத்தில் பரவியது. பேண்டு செட் நின்றது. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், ஓர் அற்புதத்தை உற்பத்தி செய்தவனாக.

பெரியமாமா மாலையோடு வாசலுக்கு வந்தார். மூக்கை உறிஞ்சினார். கும்பிடுவதுபோலக் குனிந்து, துணியை விலக்கிச் சக்கரத்தைத் தொட்டு, விரலை உதறினார். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"இறுக்கிட்டுப் பின்னுக்கு விட்டீங்களா?"

"பின்னுக்கா?"

(அதுதான் அந்த ஒன்றரை நிமிஷம்.)

"ஏழு பல்லு பின்னுக்கு விடணும் மாப்ள." அவர் முகத்தில் வேறொன்று வந்தது. "அவனா பிரேக்குல கை வைக்கச் சொன்னான்?"

அவர் குரலில் ஆறு வருஷம் இருந்தது. மேலே பார்த்தேன். அம்புகளோடு செபஸ்தியார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், சாட்சிக்கு வர விருப்பமில்லாதவராக.

"ஆமா பெரியமாமா," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "எல்லாருக்கும் மோர் குடுங்க," என்று வீட்டுக்குள் பார்த்துச் சொன்னார். "சாமி செத்த நேரம் நிக்கட்டும்." உள்ளே போய், இடுப்பில் எதையோ செருகிக்கொண்டு வந்தார். சுரூபத்துக்கு மாலை போட்டார். அப்புறம், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, சப்பரத்துக்குக் கீழே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். தலையும் கையும் துணிக்குள் போய்விட்டன. வெளியே கால்கள் மட்டும். கூட்டம் விம்மியது. எனக்கு மட்டும் 'டிக், டிக்' என்று ஏழு கேட்டது. எழுந்து, அந்தப் பக்கம் சுற்றி வந்து, மறுபடியும் விழுந்தார். கூட்டம் இன்னும் அதிகமாக விம்மியது.

மாமாவால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்த் தூக்கினார். "எந்திரிண்ணே. போதும்ணே. எதுக்கு இம்புட்டு?"

"நீயே எறங்கி வந்துட்ட. எனக்கென்னடா," என்றார் பெரியமாமா.

யார் எதற்கு இறங்கி வந்தார்கள் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கட்டிக்கொண்டார்கள்.

"இடுப்புல என்னண்ணே குத்துது?"

"சாவிடா."

நான் வண்டியை எடுத்தேன். பூப்போல நகர்ந்தது.

டிராக்டர் மறு வருஷமே திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் சப்பரம் இன்றும் அந்த வாசலில் அரை மணி நேரம் நிற்கிறது. மோர் கொடுக்கிறார்கள். புதிதாக வருகிற சாமியார்கள் காரணம் கேட்டால் வழக்கம் என்கிறார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியாரை விட்டால், முழுக்கதை தெரிந்தவள் ஸ்டெல்லா ஒருத்திதான். நான் ஏதாவது ஒன்றில் பிடிவாதமாக நின்றால், "ஏழு பல்லு பின்னுக்கு விடுங்க," என்பாள். பிள்ளைகளும் இப்போது சொல்கிறார்கள், ஏன் என்று தெரியாமலே.

மாமா இன்னும் அந்த பிக்கப்பைத்தான் ஓட்டுகிறார். போன மாதம் வடமதுரைக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குறுக்கே ஆடு வந்தது. "பிதா," என்று மிதித்தார். வண்டி அங்கேயே நின்றது. என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. சுதனையும் பரிசுத்த ஆவியையும் நிதானமாக மிதித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா மாப்ள? எல்லாம் மிதிக்கிற பக்குவம்."