ஆமை வீட்டுச் சுரைக்கொடி

ஒரு காட்டில், ஆற்றை ஒட்டிய தெருவில், ஆமை ஒன்று தோட்டம் போட்டிருந்தது. அரிசி களைந்த தண்ணீர் கீரைக்கு. பாத்திரம் அலசிய தண்ணீர் வாழைக்கு. வெயில் ஏறும் முன்பே பாய்ச்சி, செடியடியைச் சருகால் மூடிவிடும். நாளுக்கு இரண்டு குடம் போதும். அந்தக் கோடையில் அதன் சுரைக்கொடி முதன்முதலாக ஒன்பது பிஞ்சு விட்டிருந்தது. ஆமை தினமும் அவற்றை எண்ணிப் பார்த்த பிறகுதான் சாப்பிடும்.

பக்கத்து வீட்டு மயிலுக்குப் புல்தரை. உச்சிவெயிலில் குழாய் சுழன்று சுழன்று புல்லையும் தெருவையும் சேர்த்து நனைக்கும். நாளுக்கு நாற்பது குடம்.

ஆறு வற்றியது. ‘அவரவர் சென்ற ஆண்டு செலவழித்ததில் பாதிதான் இனி’ என்று நீர் அலுவலகம் அறிவித்தது. மயிலுக்கு இருபது குடம். ஆமைக்கு ஒன்று.

ஆமை புதன்கிழமை புறப்பட்டு, வெள்ளிக்கிழமை வரிசையில் நின்றது. கொக்கு அதிகாரி படிவத்தை எடுத்தார்.

“நிறுத்திய வீண் பழக்கம் மூன்று சொல்லுங்க. சொன்னால் கூடுதல் குடம் கிடைக்கும்.”

“நான் எப்போதுமே வீணாக்கியதில்லை ஐயா. ஆறு வருஷமாகச் சிக்கனம்தான்.”

“திட்டம் வந்து ஆறு நாள்தான் ஆகுது. அதற்கு முன்னால் சேமித்தது உங்க சொந்த ஆசை. பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்து விட்டிருப்பீங்களே?”

“எனக்குப் பல்லே கிடையாதுங்க.”

“இப்படி ஒத்துழைக்காமல் பேசினால் நான் என்ன எழுதுவது?” என்று கொக்கு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஆமை வீடு திரும்பியபோது ஏழு பிஞ்சுகள் வெம்பி விழுந்திருந்தன. மயிலின் புல்தரையில் ‘சிறந்த நீர்ச் சேமிப்பாளர்’ என்று புதுப் பலகை நின்றது. அதற்கும் சேர்த்துத் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

“இருபது குடம் மிச்சம் பிடித்தேன் அண்ணே,” என்றது மயில். “நீங்களும் முயற்சி பண்ணுங்க. முதலில் கஷ்டமாத்தான் இருக்கும்.”

மிஞ்சிய இரண்டு பிஞ்சுகளும் மறுநாள் விழுந்தன.

மழை வந்து ஆறு நிரம்பியது. ஆமை தோட்டத்தைக் கொத்திப் புல் விதைத்தது. மூன்று குழாய்களைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் தெருவில் ஓடியது.

“என்ன அண்ணே இது?” என்று திகைத்தது மயில்.

“அடுத்த கோடைக்குச் சேமிக்கிறேன்,” என்றது ஆமை.

நீதி: சிக்கனமாக வாழ நினைப்பவர், முதலில் நாலு பேர் அறிய வீணாக்கிப் பழக வேண்டும்.