நாக்கு முதல் தவணை

‘நாளைக்கு வண்டி ரெடி’ என்று சொல்லாத மெக்கானிக் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் மந்தைவெளியில், எங்கள் ஃபிளாட் வாசலில் உள்ள பூவரசமரத்தடியில் கடை போட்டிருக்கிறார். தெருவே அவரைத் தவணை அண்ணன் என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

முன்பு அவரும் மற்றவர்களைப் போல நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான். ஒருநாள் சாயங்காலம் என் வண்டியைக் கேட்கப் போனேன்.

“நாளைக்குக் கெடைக்குமாண்ணே?”

“கெடைக்காது சார். வெள்ளிக்கெழமகூட டவுட்டாதான் கீது. இன்னும் தொறந்தே பாக்கல. காலைல இருந்து சும்மா குந்திகினு இருந்தேன்.”

ஒரு மெக்கானிக் வாயிலிருந்து இவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் கேட்டுப் பழக்கமில்லாததால் எனக்குத் தலை சுற்றியது. உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தேன்.

“நல்லாதான் கீறேன். நாக்கக் குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

ஸ்பேனரால் மேலே காட்டினார். நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாம் மாடி பால்கனியில் ஒரு நைட்டி காய்ந்துகொண்டிருந்தது.

“அதுக்கும் மேல சார்,” என்றார்.

விஷயம் இதுதான். அவர் பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பம், கத்தோலிக்கர். மாதா கோயிலில் நடந்த தியானக் கூட்டத்தில், ‘உங்களை முழுசாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள்’ என்று யாரோ பிரசங்கம் செய்திருக்கிறார்கள். அது அண்ணன் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது.

“முழுசா ஒரே அடியா குடுக்க நம்மளால ஆவாது சார். வூட்ல ஃபிரிட்ஜே தவணைலதான் வாங்குனோம். அதான் ஒண்ணொண்ணா குடுக்கறேன். சும்மா தூக்கிக் குடுத்துறவும் முடியாது. மொதல்ல கழுவணும். வண்டிய டெலிவரி குடுக்க சொல்லோ வாட்டர் வாஷ் பண்றோமில்ல?”

நாக்கு முதல் தவணை. அடுத்தது காது. டீக்கடை மாஸ்டர் யார் வீட்டுக் கதையையாவது ஆரம்பித்தால், அண்ணன் கையில் இருக்கும் வண்டியை உதைத்து ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுவார். அந்த மாதம் தெருவில் வம்பு குறைந்தது, புகை கூடியது. பிறகு கண்ணைக் கொடுத்தார். அவர் மனைவி மேரியக்கா என் மனைவியிடம் வந்து புலம்பினார். “நான் டிவில சீரியல் பாத்தா இவரு செவுத்தப் பாத்துகினு குந்துறாரு. வந்தவங்க, ரெண்டு பேருக்கும் சண்டையான்னு கேக்கறாங்க.” ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியபோது வயிற்றையும் கொடுத்து, பஜ்ஜியை விட்டார். பஜ்ஜி வாசம் வரும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணீர் மல்க ஸ்பார்க் பிளக் துடைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. மனிதருக்குத் தொழிலே கை. அதை ஏன் இன்னும் கொடுக்கவில்லை? கேட்டேவிட்டேன்.

வெகுநேரம் ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். நாக்கைக் கொடுத்தவர் அல்லவா, மழுப்ப முடியாது.

“எங்க நைனா செத்தப்போ, ஊர்வலத்துல சிலுவ யாரு புடிக்கறதுன்னு எனக்கும் எங்கண்ணனுக்கும் சண்ட. பொணத்த வெச்சிகினு, எல்லார் முன்னாடியும் என்ன அறஞ்சிட்டான். அன்னைக்கு வலைய வுட்டவன்தான், ஸ்பேனரப் புடிச்சேன். ஒரே கோயிலு. அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பூசைல ஒருத்தருக்கொருத்தர் கைகூப்பி சமாதானம் சொல்ற நேரம் ஒண்ணு வரும். கையக் குடுத்துட்டேன்னா அவனுக்கும் கூப்பணும். அதான் தள்ளிப்போட்டுகினு கீறேன்.”

சில வாரம் கழித்து, “கைய கழுவிட்டேன் சார்” என்றார். அடுத்த ஞாயிறு நான் அவருடன் பூசைக்குப் போனேன். பக்தியால் என்று சொன்னால் அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது. ஆவல்தான்.

மேரியக்காவுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்த நேரம் வந்தது. எல்லோரும் அக்கம்பக்கம் திரும்பிக் கைகூப்பினார்கள். தவணை அண்ணன் எழுந்தார். நடுவழியைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். வெள்ளை வேட்டியில் நின்ற அவருடைய அண்ணன் முன்னால் கைகூப்பி நின்றார்.

அண்ணன்காரர் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பாட்டு தொடங்கி முடிந்தது. கோயில் மொத்தமும் முழந்தாளிட்டது. இவர் மட்டும் கூப்பிய கையோடு கொடிமரம் மாதிரி நிற்கிறார். மேரியக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டார். எனக்கு, இந்த வேடிக்கைக்கு ஏன் வந்தோம் என்றாகிவிட்டது.

“குந்துடா, எல்லாரும் பாக்கறாங்க,” என்றார் அண்ணன்காரர், பல்லைக் கடித்தபடி. கடைசி வரிசைவரை கேட்டது.

“கை என்னுது இல்லண்ணா. குடுத்துட்டேன். நானா எறக்க முடியாது.”

அண்ணன்காரர் திரும்பிப் பார்த்தார். ஏதோ திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டு, தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் முழந்தாளிட வைத்தார். பூசை முடியும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

வெளியே மணலில் இருவரும் செருப்புத் தேடியபோதுதான் பேச்சு வந்தது.

“உம்மேல ஆயில் நாத்தம் அடிக்கிது,” என்றார் அண்ணன்காரர்.

“உம்மேல மட்டும் இன்னா, சென்ட்டா? மீன் நாத்தம்.”

மேரியக்கா சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே முந்தானையைத்தான் பயன்படுத்தினார்.

மறுநாள், “இப்ப நிம்மதியாண்ணே?” என்று கேட்டேன்.

“பாதி. கோவம் இன்னும் ஓரத்துல கீது சார். நெஞ்சு பெரிய அயிட்டம், கழுவ நாளாவும்,” என்றார்.

நான் இப்போது மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டேன். அதில் அவர் கைவைக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் சனிக்கிழமை காலையில் அதை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய், “ஏதோ சத்தம் வருதுண்ணே” என்பேன். அவர் குனிந்து காதை வைத்துக் கேட்பார்.

“ஒரு சத்தமும் இல்ல சார்,” என்று சொல்லி, எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போடுவார்.